வெளியே வந்தவரின் விடுதலைக்காக

வாசகரே, பிள்ளைக்காகக் கவலைப்படுகிறவரையும் முட்டிவலிக்காகக் கவலைப்படுகிறவரையும் பார்த்திருப்பீர்கள். பாவம், சம்பளமில்லாதவர்கள். வாஷிங்டனில் அரசாங்கச் சம்பளத்தில் கவலைப்படும் இனம் ஒன்று உண்டு. அயல்நாடுகளில் மதச் சுதந்திரத்தைத் தழைக்க வைப்பது அவர்கள் உத்தியோகம். பதினெட்டு வருஷமாக அவர்களுக்கு ரஷ்ய மொழிபெயர்ப்பாளனாகப் பிழைப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

எங்கள் அலுவலகத் தலைவர் வெண்டல் க்ரீர் இந்த இனத்தின் அசல். காலையில் பேகல் ரொட்டியைக் கடித்தபடி, வருஷ அறிக்கையில் ஒரு நாட்டைப் பற்றி 'கவலை' என்றால் போதுமா, 'ஆழ்ந்த கவலை' என்றே போட்டுவிடலாமா என்று நாலு பேரைக் கூட்டி யோசிப்பார். அங்கே அமெரிக்க விமானப்படைக்குத் தளம் இருந்தால் கவலையில் ஆழம் இருக்காது. கைதிகளைப் பற்றிக் கேட்டால், கவனித்துக்கொண்டே இருக்கிறோம் என்பார். எதை? அதைச் சொன்னதில்லை.

மத்திய ஆசியாவில் ஒரு குட்டி நாடு. அனுமதியில்லாமல் வீட்டில் குர்ஆன் சொல்லிக்கொடுத்ததற்காக இமாம் எர்மெக்கையும் கூட இருந்த ஆறு பேரையும் உள்ளே தள்ளினார்கள். எர்மெக்குக்கு நல்ல தாடி, சோகக் கண்கள். படத்துக்கு வாகான முகம். க்ரீர் அந்த முகத்தை பேட்ஜில் அச்சடித்து எங்கள் வருஷாந்தர மாநாட்டுக்கு வந்தவர்கள் நெஞ்சிலெல்லாம் குத்தினார். நாலு வருஷம் குத்தினார்.

நாலாவது வருஷ மாநாட்டுக்கு எர்மெக்கே வந்துவிட்டார். தண்டனைக் காலம் முடிந்து பனிக்காலத்திலேயே விட்டுவிட்டார்களாம். தாடி இல்லை, பாதி உடம்பு இல்லை. மூன்றாம் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேடையில் க்ரீர், இந்த நிமிஷமும் ஓர் இமாம் இருட்டறையில் வாடுகிறார் என்று தழுதழுத்தார். அதை நான் எர்மெக்கின் காதில் மொழிபெயர்த்தேன்.

"யாரைச் சொல்றார், தம்பி?"

"உங்களைத்தான்."

இடைவேளையில் க்ரீரிடம் கூட்டிப்போனேன். எர்மெக் கோபப்படவில்லை. ஆறு பெயர் எழுதிய காகிதத்தை நீட்டினார்.

"நான் வந்துட்டேன் ஐயா. இவங்களுக்குத் தண்டனையை நீட்டிட்டாங்க, இன்னும் உள்ளதான் இருக்காங்க. ஜுமாபெக் ரத்தமா இருமுறான். மேடையில பேரை ஒரு தடவை சொல்லுங்க, மருந்தையாவது உள்ள விடுவாங்க."

க்ரீர் தன் பேட்ஜைப் பார்த்தார், எர்மெக்கைப் பார்த்தார்.

"அறிக்கை அச்சுக்குப் போயிடுச்சே. அதுல நீங்க உள்ளதான் இருக்கீங்க. அடுத்த வருஷம் பார்ப்போம்."

எர்மெக் காகிதத்தை மடித்தார். மாலையில் கூட்டம் முடியும் நேரத்தில் விறுவிறுவென்று மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார். நானும் கூடவே ஏறினேன், என் சோறு க்ரீர் கையில் என்று தெரிந்தும். ஆறு பெயர்களையும் அவர் நிதானமாக வாசித்தார். ஒவ்வொன்றையும் நான் திருப்பிச் சொன்னேன். சபை எழுந்து நின்று கைதட்டியது. க்ரீர் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார், புகைப்படக்காரர் இருந்த பக்கமாக.

மூன்றாம் வாரம் ஜுமாபெக்குக்கு மருந்து போய்ச் சேர்ந்தது. பெயரைச் சொன்னதற்கே! அடுத்த அறிக்கையில் அது 'எங்கள் இடைவிடாத முயற்சி' ஆனது. எர்மெக்கிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, மற்றவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் எழுதவில்லை.

க்ரீரைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இவ்வளவு நேரம் பேசியும் ஆறு பேரில் ஒருவர் பெயரைத்தான் நான் சொல்லியிருக்கிறேன். மற்ற ஐந்து பேர் யார் என்று நீங்களும் கேட்கவில்லை.