கீழ் வரியை யார் அழுத்துவது?

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். கம்ப்யூட்டரைத் துடைக்கத் தெரியுமே தவிர, அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. எதையாவது முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்லி, அதனால் பெரிய மனிதர்களின் பெயர் கெட்டுவிட்டால் என்ன செய்வது? அவர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அந்த உழைப்பில் பாதியைக் குழாய்ப் பக்கம் காட்டியிருந்தால்... சரி, எடுத்த எடுப்பிலேயே வம்பு வேண்டாம்.

குடிநீர் அலுவலகத்தில் கூட்டித் துடைத்து, டீ வாங்கிக் கொடுப்பது என் வேலை. தற்காலிக வேலை. என் மகள் பள்ளிக்கூடம் போகும்போது தற்காலிகமாகச் சேர்ந்தேன். இப்போது அவளுக்கே குழந்தை பிறந்துவிட்டது, நான் இன்னும் தற்காலிகம்தான். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அந்த அலுவலகத்தின் பின்பக்கம் இருக்கிறது. முன்பு அதைக் கையால் ஒரு இரும்புப் பிடியை இழுத்து ஓட்டினார்கள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. காலையில் கம்ப்யூட்டர் விழித்தால் மோட்டாரும் விழிக்கும். இரும்புப் பிடியைக் கழற்றி, பொன்வண்ணம் பூசி, இயக்குநர் அறைச் சுவரில் மாட்டி, ‘நாம் கடந்து வந்த பாதை’ என்று கீழே எழுதி வைத்தார்கள். நான்தான் வாரம் ஒருமுறை அந்தப் பாதையைத் துடைக்கிறேன்.

எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதுதான் இயக்குநருக்குப் பொறுக்கவில்லை. ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தவர், வந்ததும் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார்.

“மத்த ஆபீஸ்ல எல்லாம் ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு சிஸ்டம் ஓடுது. நம்ம ஆபீஸ்ல மட்டும் ஒண்ணு. வெளியில சொன்னா மானம் போகுது.”

“ரெண்டாவது எதுக்கு சார்?”

“அவங்ககிட்ட இருக்கே.”

“அதுவும் சரிதான். பார்க்கலாம் சார்.”

எங்கள் கண்காணிப்பாளர் எதற்கும் ‘பார்க்கலாம்’ என்பார். மழைக்குக் கூரை ஒழுகினாலும் பார்க்கலாம்தான். அலுவலகத்தில் அவர் பெயரே ‘பார்க்கலாம் சார்’. இயக்குநர் சொன்ன இதை மட்டும் அவர் உடனே பார்த்துவிட்டார். யாரோ வந்தார்கள், கம்ப்யூட்டருக்குள் புதிய சிஸ்டத்தை ஏற்றினார்கள், கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

புதியது பார்க்க அழகுதான், பொய் சொல்லக் கூடாது. திறந்ததும் வணக்கம் சொல்லும். ‘இன்று உங்கள் மனநிலை எப்படி?’ என்று கேட்கும். பின்னால் திரை முழுக்க நீல நிறத்தில் அலை அடிக்கும். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் துளி சிரித்துக்கொண்டே குதிக்கும். மோட்டாரை ஓட்டுவது மட்டும் அதற்குத் தெரியாது. அந்த வித்தை பழையதிடம்தான் இருந்தது.

பழையது திறக்கவில்லை.

திறக்கவில்லை என்றால் எப்படி என்று விளக்கிச் சொல்ல வேண்டும். இங்கேதான் தப்பு வந்துவிடும் என்று பயப்படுகிறேன். சுவிட்சைப் போட்டதும் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி புதியது, கீழ் வரி பழையது. பக்கத்தில் பத்து, ஒன்பது, எட்டு என்று எண் குறைந்துகொண்டே போகும். அதற்குள் கீபோர்டில் ஏதோ அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தானாகவே மேல் வரி திறந்துவிடும். சிரிக்கிற துளி குதிக்க ஆரம்பித்துவிடும்.

முதல் நாள் காலையில் பார்க்கலாம் சாரும் அவருக்குக் கீழே இருக்கும் குமாஸ்தாவும் திரை முன்னால் நின்றார்கள். சுவிட்சை என்னைப் போடச் சொன்னார்கள். சுவிட்ச் போடுவது முடிவு எடுப்பதில் சேராது என்பதால்.

“கீழ இருக்கிறதுதானே பழையது?” என்றார் கண்காணிப்பாளர்.

“ஆமா சார். அழுத்திடலாமா?”

“அழுத்தலாம். யாரு அழுத்தறது?”

“நீங்க சொன்னா நான் அழுத்தறேன் சார்.”

“நான் சொன்னேன்னு நாளைக்கு நீ சொல்லுவியே.”

“அப்போ நீங்களே அழுத்துங்க சார்.”

“புதுசு இயக்குநர் கொண்டு வந்தது. அதை விட்டுட்டு நான் பழசைத் தேர்ந்தெடுத்தேன்னு ஆயிடாது? தேர்ந்தெடுக்கிறதுக்குன்னு தகுதி வாய்ந்த அதிகாரின்னு ஒருத்தர் இருக்கார் இல்லையா?”

“அவர் யாரு சார்?”

“அதைத்தான் பார்க்கணும்...”

துளி குதித்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அதே பேச்சு, அதே துளி. மூன்றாவது முறை குமாஸ்தா விரலைக் கீபோர்டு வரை கொண்டுபோய்விட்டு, நெருப்பைத் தொட்டதுபோல இழுத்துக்கொண்டார். கடைசியில், ‘பழைய இயங்குதளம் பலமுறை முயன்றும் துவங்க மறுக்கிறது’ என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டார்கள். மறுத்தது யார் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத்தான் ஆபத்து.

தெருவில் தண்ணீர் நின்றது. என் மகள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த நேரம். பச்சைக் குழந்தை, துணி துவைக்கத் தண்ணீர் இல்லை. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று சத்தமாகவே சொன்னாள்: “ஏம்மா, நீ தண்ணி ஆபீஸ்ல வேலை பாக்கிறவ. உன் வீட்டுக் குழாயே காத்து ஊதுதுன்னா, நாங்கெல்லாம் எங்க போய் முட்டிக்கிறது?”

அவள் சும்மா இருக்கிறவள் இல்லை. ஆட்களைத் திரட்டிக்கொண்டு காலிக் குடங்களோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கண்காணிப்பாளர் அவர்களை மரியாதையாக உள்ளே அழைத்து, திரையைக் காட்டினார்.

“பாருங்கம்மா. அலை அடிக்குதா?”

“அடிக்குது.”

“துளி குதிக்குதா?”

“குதிக்குது.”

“அப்போ தண்ணி வருதுன்னு அர்த்தம். உங்க குழாயைப் பாருங்க.”

நீங்கள் நம்பமாட்டீர்கள், அவர்களில் நாலைந்து பேர் வீட்டுக்குப் போய்க் குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள்.

புகார் வலுத்ததும் ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். கழுத்தில் அட்டை, கையில் குளிர்ந்த காபி. அவர் வருவதற்கு முன்பே புதியது திறந்து அலை அடித்துக்கொண்டிருக்கும் என்பதால், அந்த இரண்டு வரியை அவர் பார்க்கவே இல்லை. மரியாதை கருதி யாரும் சொல்லவும் இல்லை. அறை சூடாக இருக்கிறது, அதனால் பழையது சோர்ந்துவிட்டது என்றார். குளிர்சாதனம் பொருத்தினார்கள். அடுத்த முறை வந்தபோது மேசையைச் சன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். திருப்பினார்கள். துளி வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. கடைசியாக ஒரு காரணம் கண்டுபிடித்தார் பாருங்கள், இயக்குநரே அசந்துபோனார்.

“நீங்க எல்லாரும் அதைப் பழசு பழசுன்னு சொல்றீங்க. ஒரு எதிர்மறைச் சூழல்ல எந்த அமைப்பும் ஒத்துழைக்காது.”

“வேற எப்படிக் கூப்பிடறது?” என்றார் இயக்குநர்.

“கௌரவமா ஒரு பேர் வைங்க.”

அன்றைக்கே சுற்றறிக்கை வந்தது. இனி அதை ‘மதிப்பிற்குரிய முன்னோடி இயங்குதளம்’ என்றுதான் அழைக்க வேண்டும். மறுநாள் காலையில் நான் சுவிட்சைப் போட்டேன். குமாஸ்தா தொண்டையைச் செருமிக்கொண்டு, “சார், மேலே புதியது, கீழே மதிப்பிற்குரிய முன்னோடி இயங்குதளம். இதில் மதிப்பிற்குரிய முன்னோடி இயங்குதளத்தைத் தேர்வு செய்யலாமா என்பது...” என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் துளி வந்து சிரித்தது.

வெளி ஆளிடம் துட்டு கொடுத்து லாரித் தண்ணீர் பிடித்து, அதில் குழந்தையைக் குளிப்பாட்டி, அதே தண்ணீரில் துணியை அலசி, அதையே கழிவறைக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். மகள் முகம் சுண்டிப்போய்விட்டது. “ஏம்மா, மாமியார் வீட்டுக்கே போயிடட்டுமா? அங்க தண்ணியாவது வருது” என்றாள். பிள்ளை பெற்ற மகளைத் தண்ணீர் இல்லாமல் திருப்பி அனுப்பினாள் என்ற பேச்சு எனக்கு வேண்டுமா?

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்கு நான்தான் முதலில் போனேன். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சுவிட்சைப் போட்டுவிட்டு மேசையைத் துடைத்தேன். மனசு வீட்டில் இருந்தது. மகள் சொன்னதையே நினைத்துக்கொண்டு கீபோர்டையும் அழுத்தித் துடைத்துவிட்டேன். திரை கறுத்துவிட்டது. துளி இல்லை, வணக்கம் இல்லை, மனநிலை விசாரிப்பு இல்லை. கறுப்பில் வெள்ளை எழுத்து மட்டும்.

தொலைந்தேன், கம்ப்யூட்டரைக் கொன்றுவிட்டேன், வேலை போச்சு என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடி ஒளிந்தேன். அங்கே நின்றபோதுதான் காதில் விழுந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கண்காணிப்பாளரின் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும் வரை அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு உள்ளே ஓடி, அணைத்து, மறுபடி போட்டேன். அவர் வரும்போது துளி குதித்துக்கொண்டிருந்தது. அதன் மனநிலைக் கேள்விக்கு ‘நல்லா இருக்கு’ என்று பதில் அழுத்திவிட்டு அவர் உட்கார்ந்தார். அந்த ஒன்றை அழுத்த அவருக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போனால் மகள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு அக்கா வாசலையே கழுவிவிட்டிருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் யாரும் வருமுன் போய்க் கீபோர்டைத் துடைத்தேன். எந்தக் கட்டை என்று தெரியாது, மொத்தமாகத் துடைப்பேன். சில நாள் இரண்டு முறை, மூன்று முறை துடைத்தால்தான் கறுக்கும். மோட்டார் ஓடும், தொட்டி நிரம்பும். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் புதியதை எழுப்பி வைத்துவிடுவேன். திரையிலும் தண்ணீர், குழாயிலும் தண்ணீர்.

அலுவலகம் மகிழ்ச்சியில் மிதந்தது. புதிய சிஸ்டம் பழகிக்கொள்ளச் சற்று அவகாசம் எடுத்துக்கொண்டது என்று நிபுணர் சொன்னார். குளிர்சாதனம்தான் காரணம் என்று குமாஸ்தா சொன்னார். தெருவோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. இயக்குநருக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்க வேண்டும் என்று கிளம்பியவள் யார் என்கிறீர்கள்? எதிர்வீட்டு அக்காதான்.

கூட்டம் அலுவலகக் கூடத்திலேயே நடந்தது. டீ கொடுத்தது நான். இயக்குநர் எழுந்தார்.

“இந்த வெற்றிக்குக் காரணம் புதிய சிஸ்டம். இனிமே அந்த மதிப்பிற்குரிய முன்னோடி நமக்குத் தேவையில்லை. நாளைக்குக் காலையில நிபுணர் வந்து அதை நிரந்தரமா அழிச்சிடுவார். இது மக்கள் ஆபீஸ். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா பத்து விநாடி தர்றேன், சொல்லலாம்.”

கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

டீத் தட்டோடு நான் ஓரமாக நின்றேன். வாயைத் திறந்தால் தண்ணீர் தப்பும். ஆனால் இத்தனை நாள் கீபோர்டைத் துடைத்தது யார், யார் அனுமதியில் துடைத்தாய், தகுதி வாய்ந்த அதிகாரி நீயா என்று கேட்பார்களே? என் வீட்டுக்காரரிடம் முன்பே ரகசியத்தைச் சொல்லியிருந்தேன். அவர் அப்போதே கணக்காகச் சொன்னார்: “நீ வாயைத் திறந்தா வேலையும் போகும், பேரும் போகும். மூடிக்கிட்டா தண்ணி மட்டும்தான் போகும்.” எதிர்வீட்டு அக்கா முன்வரிசையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் மேல்கூரையைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். மூன்று, இரண்டு, ஒன்று.

முதலில் கைதட்டியது நான்தான். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன். அப்புறம் தெருவே தட்டியது.

கூட்டம் முடிந்ததும் நேராகப் பாத்திரக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெரிய பிளாஸ்டிக் டிரம் எல்லாவற்றையும் வாங்கினேன். “வீட்டுல விசேஷமா?” என்று கடைக்காரர் கேட்டார். “பேரப்பிள்ளை வந்திருக்கு” என்றேன். மறுநாள் விடிந்ததும் போய்க் கடைசி முறையாகக் கீபோர்டைத் துடைத்தேன். தொட்டி வழிய வழிய மோட்டார் ஓடட்டும் என்று விட்டேன். வீட்டில் என் வீட்டுக்காரரும் மகளும் டிரம்களை விளிம்பு வரை நிரப்பினார்கள். பிறகு புதியதை எழுப்பிவிட்டு, நிபுணருக்குக் காபி வாங்கக் கிளம்பினேன். அவர் வந்து, வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுப் போனார். இப்போது சுவிட்சைப் போட்டால் இரண்டு வரி வருவதில்லை. யாரும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கண்காணிப்பாளர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் இதுவரை பார்த்ததே இல்லை.

தெருவில் குழாய் மறுபடி காற்று ஊதத் தொடங்கிய அன்று, எதிர்வீட்டு அக்கா குடத்தோடு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

“ஏம்மா, உங்க வீட்டுல மட்டும் துணி காயுதே. தண்ணி எப்படி வருது?”

அலுவலகத்தில் என்ன சொல்வார்களோ அதையே நானும் சொன்னேன். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

“திரையில நல்லா வருதுக்கா. உங்க குழாயைப் பாருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய், டிரம் மூடியை இறுக்கி, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.