மல்லாட்டையை ஒப்படைக்கவும்

முதன்முதலாக மைக் பிடிக்கிறவர்களுக்கு அரங்கத்தின் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை. வெளியே எத்தனை பேர் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில ட்யூட்டராகச் சேர்ந்திருந்தேன். எம்.ஏ. முடித்த சூடு இன்னும் தணியவில்லை. (காய்கறிக்காரரிடம்கூட 'குறியீடு' என்ற சொல்லைப் பயன்படுத்திய காலம் அது.) திண்டிவனத்தில் ஒரு வாசகர் வட்டம் என்னைப் பேச அழைத்தது. தலைப்பை நானே கொடுத்தேன்: 'இருண்ட எதிர்காலத்தைச் சொல்லும் நாவலும் அதன் உத்திகளும்'. துணைக்கு அண்ணன் சேகர் வந்தான். பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டியும் நான் உரையை முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா நாவலு அது?" என்றான்.

"ஒரு ஊரு. அங்க யாருக்கும் பேர் கெடையாது, வீட்டு நம்பர்தான். தெரு முனையில ஒரு ஒலிபெருக்கி இருக்கும். அது சொல்றபடிதான் எல்லாரும் வாழணும்."

"நம்ம வீட்ல அம்மா மாதிரி."

அவனுக்கு இலக்கியம் வராது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரங்கம் கடைத்தெருவில் ஒரு மாடி. வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை என்ற வருத்தத்தில், ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றைத் தெருவைப் பார்த்துக் கட்டச் சொல்லியிருந்தார். அதை என்னிடம் சொல்ல மறந்துவிட்டார். உள்ளே பத்துப் பேர் இருந்தால் அதிகம். அவர்களில் சிலர் மின்விசிறிக்காக வந்தவர்கள் என்பது உறங்கிய விதத்திலேயே தெரிந்தது.

"இந்த ஆசிரியர் எங்கேயும் 'இது கொடுமை' என்று எழுதுவதில்லை. கொடுமையை மரியாதையான அறிவிப்பு மொழியில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். நடுங்குவது நம் வேலை. அதுதான் உத்தி" என்றேன்.

யாரும் நடுங்கவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். சரி, ஒரு பகுதியை வாசித்தே காட்டிவிடலாம் என்று துணிந்தேன். நாவலில் வருவது கோதுமை. திண்டிவனத்துக்காரர்களுக்கு உறைக்க வேண்டுமே என்று அதை மல்லாட்டையாக (மற்ற ஊர்க்காரர்களுக்கு நிலக்கடலை) மாற்றி, வானொலியில் செய்தி வாசிக்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"பொதுமக்கள் கவனத்திற்கு. நாளை முதல் வீட்டுக்கு ஒரு விளக்கு மட்டுமே எரியலாம். தங்களிடம் உள்ள மல்லாட்டை முழுவதையும் இன்று மாலைக்குள் ஒப்படைக்கவும். மறைத்து வைப்பவர்கள் அன்புடன் திருத்தப்படுவார்கள். ஒத்துழைப்புக்கு நன்றி."

சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது அந்த ஆசிரியரின் இன்னொரு உத்தி. ஆகவே நானும் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அது மல்லாட்டை பிடுங்கும் காலம். மார்க்கெட் கமிட்டியில் விற்க மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் அந்தத் தெரு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் நின்றுவிட்டன. டீ குடிக்கக் கீழே போயிருந்த அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"ஏய், போதும் நிறுத்து. கீழ ஒரே பேஜாராயிடுச்சு."

அண்ணனையே இலக்கியம் உலுக்கிவிட்டதே என்று பூரித்துப்போய் இன்னொரு முறை வாசித்தேன்.

மாடிப்படி அதிர்ந்தது. முதலில் நுழைந்தவர் நெடுநெடுவென்று ஓர் அம்மாள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு. பின்னாலேயே பாதித் தெரு.

"ஏம்மா, நீதான் மைக்குல பேசிக்கினு இருந்தியா?"

தலையாட்டினேன்.

"நாங்க இங்க பக்கத்துல பிரம்மதேசம் கிராமம். களை எடுத்து, பன்னிய வெரட்டி, வெளைய வெச்சது நாங்க. எவன்கிட்ட ஒப்படைக்கணும்? அவன இங்க வரச் சொல்லு."

"அக்கா, அது நாவல்ங்க."

"நாவப்பழத்துக்கும் மல்லாட்டைக்கும் இன்னா சம்பந்தம்?"

தலைவர் என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "பொதுமக்கள் யாரும் பதற்றப்பட வேண்டாம். நிலைமை கட்டுக்குள் இருக்கிறது" என்றார். அதைக் கேட்டு மீதித் தெருவும் மேலே வந்துவிட்டது.

குறியீடு, அங்கதம், உத்தி எல்லாம் என்னைக் கைவிட்டு ஓடிவிட்டன. மிஞ்சியது கதை ஒன்றுதான். "உக்காருங்க, சொல்றேன்" என்று ஆரம்பித்தேன். அந்த ஊரில் ஒருவன் இரண்டாவதாக ஒரு விளக்கைப் பரண்மேல் ஒளித்து வைத்திருந்ததைச் சொன்னபோது, திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"கண்டுபுடிச்சுட்டானுங்களா?" என்றார் வண்டிக்காரர் ஒருவர்.

"இல்லைங்க. பயத்துல அவனே எடுத்துக்கினு போய், எல்லாரும் பாக்க தெருவுல வெச்சு ஊதி அணைச்சிட்டான். அத்தோட கதை முடிஞ்சுது."

முடிவு யாருக்கும் பிடிக்கவில்லை. பிரம்மதேசத்து அம்மாளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"அவன் ஊதறப்போ, ஏன்டா ஊதறேன்னு ஒருத்தரும் கேக்கலையா?"

"கேக்கலக்கா. அதான் அந்த ஊரு."

"நாங்க வந்து கேட்டோமில்ல" என்றார்.

உறங்கியவர்களும் அதற்குள் எழுந்திருந்தார்கள். அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். விழுப்புரம் வரும்வரை அண்ணன் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தான்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தை பிறந்ததும் அதே அம்மாள் தாம்பூலத் தட்டோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். பெயர் பச்சையம்மாளாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த தன் தம்பிக்கு என்னைப் பெண் கேட்டு வந்திருந்தார். "அத்தினி பேர் சுத்தி நின்னும் ஓடாம கதை சொல்லிச்சே, அந்தப் பொண்ணுதான் வேணும்" என்று அம்மாவிடம் சொன்னார். (படிக்கட்டை அடைத்துக்கொண்டு அவரே நின்றதால்தான் நான் ஓடவில்லை.)

இன்றைக்கும் மல்லாட்டை பிடுங்கியதும் முதல் மூட்டை எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து இறங்குகிறது. பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்க, நாத்தனார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொல்வார்:

"இந்தாம்மா, ஒப்படைச்சுட்டேன். வீட்ல ஒண்ணும் ஒளிச்சு வெக்கல. சந்தேகமா இருந்தா வந்து பாத்துக்கோ."