குறைந்தது மூன்று மாடிகள்

இந்தக் கதையைக் கேட்டுப் பதினோரு வருடம் ஆகிறது. கேட்ட அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, எங்கேயோ இடிக்கிறதே என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. அன்றிலிருந்து இதை முழுதாக நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஆனாலும் இருபது பேருக்காவது சொல்லியிருப்பேன். எனக்குச் சொன்னவர் என் அடுத்த வீட்டுக்காரர். தீயணைப்பு நிலையத்தில் போன் எடுத்தவர். தெருவில் அவருக்குப் பெயரே போன்காரர்தான். அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் எங்கே போய்விடப் போகிறது, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

போன்காரர் இருபத்திரண்டு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர். முன்னால் மேசை, மேசையில் போன், போனுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். பொத்தானை அமுக்கினால் கீழே மணி அடிக்கும். மணி அடித்தால் வண்டி கிளம்பும். அவர் படித்தது அதிகமில்லை. ஆனால் காது இருக்கிறதே, அது அப்பேர்ப்பட்ட காது.

ஒருமுறை ஒரு அம்மா போன் செய்தார். "ஒண்ணுமில்லீங்க, சும்மா ஒரு சந்தேகம். கொதிக்கிற எண்ணெய்ல தண்ணி ஊத்தலாமா?"

போன்காரர் பொத்தானை அமுக்கிவிட்டுத்தான் பதில் சொன்னார். "ஊத்தாதீங்கம்மா. அடுப்படியை விட்டு வெளிய வந்துடுங்க. வண்டி வருது."

"தீப்பிடிச்சிருக்குன்னு நான் சொல்லவேயில்லையே!"

"சும்மா சந்தேகம் கேக்கறவங்களுக்கு இப்படி மூச்சு வாங்காதும்மா."

வண்டி போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் திரை எரியத் தொடங்கியிருந்தது.

நாற்காலிக்கு வருவதற்கு முன் அவர் குழாய் பிடித்தவர். ஏணியிலிருந்து விழுந்து ஒரு முழங்கால் போய்விட்டது. இந்த நாற்காலி இல்லையென்றால் நிலவறையில் இருக்கும் குழாய்க் கிடங்குதான் அவருக்குக் கதி. அங்கே போன் கிடையாது. ஈரக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். அந்தக் காதை வைத்துக்கொண்டு அங்கே உட்காருவது, பாட்டு ரசிகனைக் கொண்டுபோய் ஊமைகள் வீட்டில் குடிவைத்த மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் ஊரைத் தர்க்கத் திறன் பிடித்தது. பால் பண்ணைக்கு ஆள் எடுத்தாலும் தர்க்கத் திறன் தேர்வு, பூங்காவுக்குத் தோட்டக்காரர் எடுத்தாலும் தர்க்கத் திறன் தேர்வு. தீயணைப்புத் துறை மட்டும் சும்மா இருக்குமா? சுற்றறிக்கை வந்தது. "தீ உள்ளது என்னும் முடிவுக்குப் போதிய ஆதாரமின்றி ஊழியர்கள் தன்னிச்சையாக வந்துவிடும் வருந்தத்தக்க போக்கு தலைமையகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது" என்று அது தொடங்கியது. போன் எடுப்பவர்கள் எல்லாரும் தேர்வு எழுத வேண்டும். மூன்று முறை தோற்றால் கிடங்கு.

முதல் கேள்வி இதுதான்:

"ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து கரும்புகை வருகிறது. ஆட்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவருகிறார்கள். இப்பத்தியிலிருந்து பின்வருவனவற்றுள் எதை உறுதியாக ஊகிக்கலாம்? அ) கட்டடத்தில் தீப்பிடித்துள்ளது. ஆ) ஆட்கள் தீக்கு அஞ்சி ஓடுகிறார்கள். இ) தீயணைப்பு வண்டி தேவை. ஈ) கட்டடத்தில் குறைந்தது மூன்று மாடிகள் உள்ளன."

போன்காரர் அ, ஆ, இ மூன்றையும் வட்டமிட்டார். ஈ-க்குப் பக்கத்தில், "இதை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்" என்று எழுதினார்.

தோற்றார். காரணம் கேட்கத் தலைமையகம் போனார். தலைமையகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. நிலையத்து வண்டி ஓட்டுநருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். அந்த ஹாரனே விரட்டினாலும் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாத தூரம். மூன்றாம் மாடியில் தேர்வு அலுவலர் இருந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா, முகத்தில் மூன்று பேனாவுக்குரிய கம்பீரம்.

"சார், நெருப்பில்லாம புகையுமா?" என்றார் போன்காரர்.

"அது பழமொழி. பழமொழி பத்தியில இல்லையே."

"ஆளுங்க அலறிக்கிட்டு ஓடி வர்றாங்களே சார்?"

"சந்தோஷத்துல அலறியிருக்கலாம். வெளியில் உள்ள அறிவை உள்ளே கொண்டுவரக் கூடாது. அதுதான் உங்க வியாதி."

"மூணு மாடி இருக்குன்னு தெரிஞ்சு நான் என்ன சார் செய்யறது?"

"செய்யறதைப் பத்திக் கேள்வியில ஒண்ணுமில்ல" என்றார் அலுவலர்.

இரண்டாம் முறை போன்காரர் மிக எச்சரிக்கையாக எழுதினார். எட்டாவது கேள்விவரை எல்லாம் சரி. ஒன்பதாவது கேள்வியில் பூட்டிய அறைக்குள் ஒரு குழந்தை இருந்தது. எச்சரிக்கை பறந்துவிட்டது.

மிச்சமிருந்தது ஒரே முறை. மனைவியின் தம்பி பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தான், தையல் கடைக்கு மேலே. வேறு வழியில்லாமல் மச்சானிடம் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அத்தான், உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் செருப்போட சேர்த்து வாசல்லயே விட்டுட்டு வாங்க."

"போறப்போ எடுத்துக்கலாமா மச்சான்?"

"செருப்பை மட்டும் எடுத்துக்குங்க."

மூன்று மாதம் பழகினார். பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஒருநாள் மனைவி அடுப்படியிலிருந்து கத்தினார்: "ஏங்க, மழை வருது!"

"சரி" என்றார் போன்காரர்.

அரைமணி கழித்து மனைவி வந்து பார்த்தால், மொட்டை மாடியில் துணியெல்லாம் சொட்டச் சொட்டத் தொங்குகிறது.

"மழை வருதுன்னு சொன்னேனே!"

"சொன்னே. துணி வெளிய கிடக்குன்னு சொல்லலையே."

"அப்படியா? அப்போ சாப்பாடு ஆச்சுன்னும் நான் சொல்லல. நீங்களா ஊகிச்சுக்கிட்டுத் தட்டோட வந்து நிக்காதீங்க."

அன்று பட்டினி கிடந்த வயிற்றோடுதான் தர்க்கம் தனக்கு முழுதாகப் புரிந்தது என்பார் போன்காரர். மூன்றாம் முறை நூற்றுக்கு நூறு. துறையிலேயே முதலிடம். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். தேர்வு அலுவலர் கண் கலங்கி, "ஒரு மனிதரை முழுசா காலி பண்ணிக் காட்டியிருக்கோம்" என்று மேடையில் பாராட்டினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நாற்காலி தப்பியது. ஆனால் நாற்காலியோடு கூடவே ஒரு தாளும் வந்தது. அதற்குப் பெயர் ஊகப் பதிவுத் தாள். ஒவ்வொரு அழைப்புக்கும் வந்த நேரம், சொல்லப்பட்டது, சொல்லப்படாதது, உறுதியாக ஊகிக்கத்தக்கது, வண்டி சேர்ந்த நேரம் என்று ஐந்து கட்டம். நான்காவது கட்டத்தில் தீ என்று எழுத முடிந்தால்தான் பொத்தானைத் தொடலாம். புகை, சூடு, கருகல் நாற்றம் எதுவும் செல்லாது. போன்காரர் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்காரப் பழகிக்கொண்டார்.

நல்லவேளை, ஊர் ஜனங்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். துறையை நம்பாமல் வீட்டுக்கு வீடு வாளியில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள். அப்படியும் நம்பியவர்கள் மச்சானின் மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். சரியாகப் போன் செய்வது எப்படி என்பது பாடம். தையல்காரர் அங்கே தேறி வந்தவர். ஒருநாள் கடையில் துணிக்குப்பை பற்றிக்கொண்டதும், சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்து நிதானமாகப் படித்தார்:

"நெருப்பு எரிகிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன். எரிவது என் பொருள். அதை நான் எரிக்கவில்லை. அது எரிவதை நான் விரும்பவில்லை. ஆகவே..."

"ஆகவே?" என்றார் போன்காரர் ஆவலோடு. கை பாதி வெளியே வந்துவிட்டது.

"ஆகவே ஒண்ணும் வேண்டாங்க. எதிர்க்கடைக்காரர் தண்ணி ஊத்தி அணைச்சுட்டார்."

ஆண்டறிக்கையில், ஊரில் தீ விபத்துகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்துவிட்டதாகத் தேர்வு அலுவலர் எழுதினார். வண்டி போகவில்லை, ஆகவே தீ இல்லை. தர்க்கத்தில் ஓட்டை சொல்ல முடியாது.

ஒருநாள் பதிவுத் தாள்களைத் தலைமையகத்துக்குக் கொண்டுபோகிற ஆள் விடுப்பு. போன்காரரே கட்டைச் சுமந்துகொண்டு காலையில் பஸ் ஏறிப் போனார். அலுவலரின் அறைக்கு அடுத்தது, விடைத்தாள் அறை. எத்தனையோ தேர்வுகளின் விடைத்தாள்கள் கூரை தொட அடுக்கியிருந்தன. தாழ்வான ஒரு அடுக்கின்மேல் அலுவலரின் மின்சாரக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் ஒயர் நடுவில் உரிந்து, உள்ளிருந்த கம்பி பளபளவென்று தெரிந்தது. லேசாக ஒரு வாடையும் வந்தது.

"சார், ஒயர் உரிஞ்சு கிடக்கு."

"சரி. ஒயர் உரிஞ்சிருக்கு. அதுலேருந்து உறுதியா என்ன ஊகிக்கலாம்? நீங்கதான் நூத்துக்கு நூறாச்சே, சொல்லுங்க."

போன்காரர் ஒயரைப் பார்த்தார். தாள் அடுக்கைப் பார்த்தார். மாடிப்படிக்குப் போக அந்த அறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதையும் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை வருடமும் காதுக்குள் ஒன்றாகக் கத்தின.

"ஒயர் உரிஞ்சிருக்குன்னு ஊகிக்கலாம் சார்."

"பிரமாதம்! வேற?"

"வேற ஒண்ணும் பத்தியில இல்ல சார்."

அலுவலர் மகிழ்ந்துபோய்த் தன் கையாலேயே ஒரு டீ போட்டுக் கொடுத்தார். "டீ நல்லாத்தான் இருந்துச்சு" என்பார் போன்காரர். இந்த இடத்தில் கேட்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள்.

நிலையத்துக்குத் திரும்பி, கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஹாரனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மாடியேறி நாற்காலியில் உட்கார்ந்தார். பதினொன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு எடுத்தார்.

"ஹலோ! தேர்வு அலுவலர் பேசறேன்! இங்க பக்கத்து ரூம்லேருந்து புகை வருதுய்யா!"

"வணக்கம் சார். புகை. எழுதிக்கிட்டேன். நெருப்பைக் கண்ணால பாத்தீங்களா?"

"கதவைத் தொட முடியல, கொதிக்குது!"

"கதவு சூடு. வெயில்லயும் கதவு சுடும் சார். வேற?"

"யோவ், நான் யாருன்னு தெரியுதா இல்லையா?"

"குரல் தெரிஞ்ச குரலா இருக்கு. குரலை வெச்சு ஆளை உறுதியா ஊகிக்க முடியாதுங்களே."

"படி வழியா இறங்க முடியலய்யா! ஜன்னல்ல நிக்கறேன்! எல்லாரும் கீழ நின்னு அலர்றாங்க!"

"சந்தோஷத்துல அலறலாம் சார்."

"அடப்பாவி! நான் மூணாவது மாடியில நிக்கறேன்!"

போன்காரர் பேனாவை எடுத்து நான்காவது கட்டத்தில் அழகாக எழுதினார். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினார்:

"கட்டடத்தில் குறைந்தது மூன்று மாடிகள் உள்ளன. இது உறுதி சார்."

அந்தப் பக்கம் அழுகையா இருமலா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பின்னாலேயே, ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஒரு ஹாரன் சத்தம். ஜன்னலில் ஏணி வந்து சாய்ந்தது. போன்காரர் கடைசிக் கட்டத்தில் பதினொன்று நாற்பத்து நான்கு என்று எழுதினார்.

அலுவலருக்கு மீசையில் ஒரு பக்கம் கருகியதைத் தவிர வேறு சேதமில்லை. விடைத்தாள்கள் முழுக்கச் சாம்பல். போன்காரர் தோற்ற இரண்டு தாள்களும் அதில் சேர்த்தி. மாலையில் அலுவலர் ஈரத் தலையோடு நிலையத்துக்கு வந்து கேட்டார்.

"எப்பய்யா மணி அடிச்சே?"

"நீங்க ஹலோ சொன்னதுமே சார்."

விசாரணை நடந்தது. ஆதாரமின்றி மணி அடித்தது குற்றமா என்று மூன்று நாள் யோசித்துக் குழு இப்படி முடிவெடுத்தது: தேர்வில் முதலிடம் பெற்றவர் நாற்காலியில் இருந்தார், அலுவலர் உயிர் பிழைத்தார், ஆகவே தேர்வு உயிர் காக்கிறது. குழாய் பிடிப்பவர், ஏணி ஏறுபவர், ஹாரன் உட்பட எல்லாருக்கும் தேர்வு கட்டாயமாயிற்று. கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு போன்காரருக்கு வந்தது. ஓய்வு பெறும்வரை நாற்காலியும் அவருக்கே.

இதுதான் அவர் சொன்ன கதை. சான்றிதழுக்குப் பக்கத்தில் அந்த ஊகப் பதிவுத் தாளையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். போனவாரம் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தற்செயலாக அதைப் படித்தேன். பதினொன்று நாற்பது. பதினொன்று நாற்பத்து நான்கு. மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்து, கடிகாரமும் கையுமாக நிலையத்திலிருந்து தலைமையகம் போனேன். பதினாறு நிமிடம் ஆயிற்று. ஹாரனுக்குப் பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்ளலாம். அலுவலர் ஹலோ சொல்வதற்கு எட்டு நிமிடம் முன்பே வண்டி புறப்பட்டுவிட்டது. புறப்படச் சொன்னது யார், எதைப் பார்த்துச் சொன்னார் என்பதெல்லாம் எனக்கே புரிந்துவிட்டது. அவருடைய காதைப்போல இன்னொன்று கிடையாது என்று ஒரு நாள் முழுக்கப் பெருமைப்பட்டேன். இரண்டாம் நாள் தூக்கம் வரவில்லை. அந்த டீ நினைவுக்கு வந்தது. பதினோரு வருடமாக மற்ற எல்லாரையும்விட அந்த இடத்தில் அதிகமாகச் சிரித்தவன் நான்தான்.

நேற்றுச் சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று, ஒருவழியாகக் கேட்டேவிட்டேன்:

"அண்ணே, வண்டியை முன்கூட்டியே அனுப்பத் தெரிஞ்ச உங்களுக்கு, டீயைக் குடிச்சுட்டுக் கிளம்பறப்போ அந்த ஒயரைப் பிடுங்கிட்டு வரத் தெரியலையா?"