ஏழு தட்டும் ஒரு ஹெட்போனும்

புது போன் வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுப்பது என் இலாகா. அனுமதி கொடுப்பது மனைவியின் இலாகா. இரண்டு இலாகாவுக்கும் நடுவில்தான் கோப்பு காணாமல் போகும்.

"இருக்கிற போன் நல்லாத்தானே இருக்கு?" என்று மூன்று முறை மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டாள்.

எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்தான் வழி சொன்னார். "நேரா மேல போக முடியாது சார். முதல்ல உசத்தியா ஒரு ஹெட்போன் வாங்குங்க. அது உங்க போனுக்கு ஒத்துவராதுன்னு காட்டுங்க. ஐயோ வீணாப்போகுதேன்னு அவங்களே போன் வாங்கச் சொல்வாங்க!"

பொத்தானைக் காட்டிச் சட்டை வாங்கும் வித்தை. துள்ளிக் குதித்துக்கொண்டு போய் வாங்கிவந்தேன்.

மனைவி தையல்காரி. முன்னறையில் மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. ஹெட்போனை என் போனில் இணைத்து, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"என்னங்க, பல்வலியா?"

"மோசம் போயிட்டேன். என் போன்ல நல்ல கோடெக் இல்ல."

"என்ன கோடு?"

"கோடு இல்ல, கோடெக்! போன்லேருந்து காத்துல பாட்டு வருதுல்ல, அதைச் சுருக்கி அனுப்புற முறை. என் போன் பாட்டைக் கண்டபடி கசக்கி அனுப்புது."

"நீங்க சட்டையை அலமாரில வைக்கிற மாதிரியா?"

விட்டுக்கொடுக்கவில்லை. "நீயே பாரு" என்று போனின் அமைப்புகளைத் திறந்தேன். ஒளிந்திருக்கும் பட்டியலைத் திறக்க, 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்டினேன். 'நீங்கள் இப்போது டெவலப்பர்' என்றது போன்.

"பதினாறு வருஷமா நானும் தட்டிக்கிட்டிருக்கேன், நீங்க டெவலப் ஆகல. இது ஏழே தட்டுல ஆக்கிடுச்சே!"

உள்ளே புளூடூத் பட்டியலைக் காட்டினேன். "இங்க பாரு. எஸ்.பி.சி.ங்கிற கோடெக் மட்டும்தான் எரியுது. அது அடிமட்டம். உசத்தியான எல்.டி.ஏ.சி. மங்கலா இருக்கு பாத்தியா? என் போன்ல அது கிடையாது. ஹெட்போன்ல இருக்கு. ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வேலை செய்யும்."

"பேர்லயே ஏ.சி. இருக்கு. ஜில்லுனு இருக்குமோ?"

"காதுக்குள்ள கச்சேரியே நடக்கும்! ஆனா பாரு, இந்தப் போனால அவ்வளவும் வீண்."

மிஷினை நிறுத்தினாள். வெற்றி நெருங்கும் ஓசை அது என்று நினைத்தேன்.

"ஐயோ, நல்ல பொருள் வீணாகக் கூடாதுங்க."

"அதேதான்!"

"எந்தப் போனா இருந்தாலும் ஏழு தடவை தட்டித்தான் பாக்கணுமா?"

"ஆமா" என்றேன் அகலமாகச் சிரித்து. இன்னும் நான்கு பாடம் எடுக்கவும் தயாராக இருந்தேன்.

துணிக் குவியலுக்கு அடியிலிருந்து தன் போனை எடுத்தாள். தட்டினாள். ஹெட்போனை அதில் இணைத்தாள். எட்டிப் பார்த்தேன். எல்.டி.ஏ.சி. பளிச்சென்று எரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. போன வருடம் கல்யாண நாளை மறந்துவிட்டு, பதறி ஓடி, 'இருக்கறதுலயே உசத்தியா கொடுங்க' என்று நான் வாங்கிக்கொடுத்த போன் அது.

"போனை மாத்திக்கலாமா?" என்றேன், பலவீனமாக.

"தாராளமா! இதுல என் வாடிக்கையாளர் நூத்தியிருபது பேரோட அளவு இருக்கு. பூக்கடைக்காரம்மா கூப்பிட்டு இடுப்பளவு ஏன் இறுக்கமாச்சுன்னு கேப்பாங்க. நீங்களே பதில் சொல்லிக்குங்க."

பூக்கடைக்காரம்மாவை நினைத்தேன். மாற்றும் யோசனையைக் கைவிட்டேன்.

ஹெட்போனை மாட்டினாள். கண் விரிந்தது. "ஆத்தாடி! மிஷின் சத்தமே கேக்கல. எனக்காகவே பாத்துப் பாத்து வாங்கியிருக்கீங்க!" மிஷின் மறுபடி தடதடத்தது. தலை தாளத்துக்கு ஆடியது.

நான் கெஞ்சினேன், வாதாடினேன், கையை ஆட்டினேன். கடைசியில் ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

"ஏதாவது சொன்னீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"அப்படித்தான் எனக்கும் கேட்டுச்சு" என்று மறுபடி மாட்டிக்கொண்டாள்.