நெருக்கம் போதவில்லை

ஒரு காட்டில் முள்ளம்பன்றி ஒன்று மனநல ஆலோசகராகப் படித்துக்கொண்டிருந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டது. குழு ஆலோசனை நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வில்தான் இரண்டு முறை கோட்டை விட்டது. "குழுவில் நெருக்கம் போதவில்லை" என்று இரண்டு முறையும் எழுதிவிட்டார் தேர்வாளர் கொக்கு மேடம். இந்த முறையும் தவறினால் பழையபடி கிழங்கு தோண்டப் போக வேண்டியதுதான்.

தேர்வன்று முயலும் ஆமையும் குரங்கும் வந்தன. வட்டமாக உட்காரச் சொன்னது முள்ளம்பன்றி. முள்ளுக்குப் பயந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தன. வட்டத்துக்கு மூலை கிடையாது என்பது அவற்றுக்கு ஒரு தடையாக இல்லை.

"மனசுல இருக்கிறதச் சொல்லுங்க."

முயல் காதை மடக்கிக்கொண்டது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"டீ எப்பம்மா வரும்?" என்றது குரங்கு.

கொக்கு மேடம் ஒற்றைக் காலில் நின்றபடி பேனாவை மூடப் போனார்.

அப்போது புதரிலிருந்து மலைப்பாம்பு தலையை நீட்டியது. "நானும் சேந்துக்கலாமா? என்னை யாருமே பக்கத்துல விடுறதில்லீங்க."

முள்ளம்பன்றிக்கு மனம் இளகிவிட்டது. அந்த வருத்தம் அதற்கும் உண்டு. "வாங்க, வாங்க."

மலைப்பாம்பு மூன்றையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று. முயலும் குரங்கும் கன்னத்தோடு கன்னம் ஒட்டின. ஆமையின் தலை தானாக வெளியே வந்தது. மூன்றும் வாயைத் திறந்தன. கண்ணீர் வழிந்தது.

"அடடா, என்ன நெருக்கம்! எல்லாரும் வாய் திறந்துட்டாங்க பாரு!" மேடம் மளமளவென்று மதிப்பெண் போட்டார். "நீ தலையிடாதே. குழுவை அது போக்குல விடு."

முள்ளம்பன்றி பேனாவைப் பார்த்தது. முயலைப் பார்த்தது. முயலுக்கு விழி பிதுங்கியிருந்தது. சான்றிதழுக்கு இன்னும் இரண்டு வரிதான் பாக்கி. முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. அப்படியே திரும்பி, பின்பக்கத்தால் ஒரே இடி.

பாம்பு சுருள் அவிழ்ந்தது. மூன்றும் ஓடின. ஆமைகூட ஓடியது.

"கூடி வர்ற நேரத்துல கெடுத்துட்டியே!" என்றார் மேடம்.

சான்றிதழ் மலைப்பாம்புக்குப் போனது.

மறுவாரம் முள்ளம்பன்றி கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. முயல் அவசரமாக அந்தப் பக்கம் போனது.

"எங்க தம்பி இவ்வளவு வேகமா?"

"மலைப்பாம்பு சார் குழுவுக்கு, அக்கா. அங்க போனவங்க யாருமே பாதியில எழுந்து வந்ததில்லையாம்."

"டேய், அன்னைக்கு உன்னை அவரு..."

"அதை விடுங்க." முயல் தொடையைத் தடவிக்கொண்டது. "நீங்க குத்துனது இன்னும் வலிக்குது."

நீதி: நெருக்கியவரை மறந்துவிடுவார்கள், குத்தியவரை மறக்க மாட்டார்கள். ஆகவே சான்றிதழ் கைக்கு வரும்வரை யாரையும் காப்பாற்ற வேண்டாம்.