பாக்கு உடைத்த லேப்டாப்

ஷராவதி வீடு திரும்புவதற்குள் லேப்டாப்புக்கு உயிர் கொடுத்துவிடுவது என்று கஜானன ஹெக்டே வீர முடிவு எடுத்தார். எப்படி என்பது மட்டும்தான் தெரியவில்லை. அது சின்ன விஷயம். முடிவு எடுப்பதுதானே பெரிசு!

வம்பு யுகாதியன்றே ஆரம்பித்துவிட்டது. சிர்சியில் பாக்குத் தோட்டமும் வெற்றிலைக்கொடியும் வைத்துக்கொண்டு வாயைச் சும்மா வைத்திருப்பது லேசான காரியமா? ஆனாலும் மாமனார் வீட்டில், பந்தி நிறைய ஆள் இருக்கும்போது, மனுஷன் மார்தட்டிவிட்டார்.

"இன்னையோட வெத்தலபாக்கை விட்டாச்சு!"

"திரும்பப் போட்டா?" என்று கேட்டாள் மனைவி ஷராவதி.

"போட்டா, தீபாவளி வரைக்கும் சமையல் என்னோடது. போதுமா?"

போதும் என்று பந்தியே சொன்னது. ஹெக்டேவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுவும் சில நாள் தீய்ந்துவிடும்.

நேற்றுச் சாயங்காலம் ஷராவதி ஒத்திகைக்குப் போயிருந்தாள். நாளை கோயிலில் பெண்களின் தாளமத்தளை. வேஷம் கட்டாமல், உட்கார்ந்த இடத்தில் பேசிப் பேசியே எதிராளியை மடக்குகிற கலை. இருபது வருஷமாக வீட்டில் பயிற்சி எடுத்தவளுக்கு அதில் என்ன கஷ்டம்? ஹெக்டே அவளுடைய லேப்டாப்பைத் திறந்து, பாக்கு விலை பார்த்துக்கொண்டே வெற்றிலையை மடித்தார். கேட் சத்தம் கேட்டது. கையிலிருந்த முழுக் கொட்டைப்பாக்கு எழுத்துக்கட்டைகளின் மேல் உருண்டது. எடுக்க நேரமில்லை. மூடியைப் போட்டு ஒரே அமுக்கு. கறுக்!

'பாக்குதான் உடைஞ்சிருக்கும்' என்று அவர் மனசைத் தேற்றிக்கொண்டார்.

காலையில் ஷராவதி மறுபடி ஒத்திகைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள். "ஏங்க, லேப்டாப்ல என் வசனம் இருக்கு. மத்தியானத்துக்குள்ள எடுத்து வைங்க. நான் கூப்பிடறேன்."

அவள் தலை மறைந்ததும் ஹெக்டே மூடியைத் திறந்தார். திரை முழுக்க விரிசல், நடுவில் மை கொட்டின மாதிரி ஒரே கறுப்பு. அது கூடப் பரவாயில்லை. பாக்கைக் காணோம்! கவிழ்த்துத் தட்டினார். மேஜைக்கு அடியில் தவழ்ந்தார். திரையை உடைத்த பாக்கு முழுசாக எங்கே போகும்? எலி தூக்கியிருக்குமோ? மூடிய லேப்டாப்புக்குள் எலி எப்படி வரும்?

பக்கத்துத் தோட்டத்து மாபல பட்டரைக் கூப்பிட்டார். பட்டர் வந்தார், கக்கத்தில் ஒரு மானிட்டரோடு. பாக்கு காயப்போடும் களத்தில் குரங்கு வருகிறதா என்று வீட்டுக்குள்ளிருந்தே பார்க்க வைத்திருந்தது அது.

"திரைதான் செத்துது ஓய். உள்ள எல்லாம் உசிரோட இருக்கும். இதைச் சொருகினா படம் இதுல வரும்," என்றார் பட்டர்.

வயரைச் சொருகினார்கள். படம் வந்தது. பச்சை மலை, ஒரு மேகம், ஒரு பறவை. அவ்வளவுதான்.

"வசனம் எங்க பட்டரே?"

"மலைக்குப் பின்னால இருக்குமோ?"

"விளையாடாதீரும். அய்யோ, அம்புக்குறியைப் பாரும்! இடது பக்கம் போச்சு, ஆளையே காணோம்!"

"அது உடைஞ்ச திரைக்குள்ள போயிடுச்சு ஓய். இப்போ உமக்கு ரெண்டு வீடு. சாமானெல்லாம் பழைய வீட்டுல கிடக்கு. புது வீட்டுல வெறும் சுவர்."

"பழைய வீட்டுலதான் விளக்கே இல்லையே!"

"அதான் சொல்றேன்."

என்ன சொல்கிறார் என்று ஹெக்டேவுக்குச் சுத்தமாகப் புரியவில்லை. பதற்றத்தில் கைக்கு வந்த கட்டையையெல்லாம் அமுக்கினார். என்டரை நாலு தடவை குத்தினார். திடீரென்று உடைந்த திரையின் உச்சியில் ஒரு பச்சைப் பொட்டு மினுங்கியது.

"பட்டரே! உசிரு வந்துடுச்சு! விளக்கு எரியுது!"

"நல்ல சகுனம் ஓய்."

அந்தச் சந்தோஷத்தில் ஹெக்டே இடுப்பிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து, மடித்து, கண்ணை மூடி வாயில் அதக்கினார்.

"விட்டாச்சுன்னு சொன்னீரே?" என்றார் பட்டர்.

"சொன்னேன். விட்டேனா என்ன? தினம் மாட்டுக்கொட்டகையில மூணு தடவை. அவளுக்கு மூக்கு இருக்கறதே சந்தேகம். இந்தக் கொட்டைப்பாக்கு மட்டும் காட்டிக் கொடுக்காட்டி தீபாவளி வரைக்கும் தப்பிச்சேன். லேப்டாப் தானா உடைஞ்சுதுன்னு சொல்லிக்கலாம். அவ அப்பாவி, நம்பிடுவா."

"அப்பாவியா! ஷராவதியா!"

"நீர் வேலையைப் பாரும்."

பட்டர் நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு திரையிலும் ஒரே படம் வரணும்னா விண்டோஸ் கட்டையையும் P-யையும் சேர்த்து அமுக்கி என்டர் தட்டணும்னு என் மருமக சொல்லியிருக்கா. எத்தனை தடவைன்னுதான் ஞாபகம் இல்லை."

ஹெக்டே அமுக்கினார். மலை போனது. மறுபடி அமுக்கினார். மலை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை மலை இருந்த இடத்தில் ஷராவதி இருந்தாள்.

ஷராவதி மட்டுமா? அவளுக்குப் பின்னால் தாளமத்தளைக் குழு மொத்தமும், பதினோரு பெண்கள், வரிசையாகப் பாயில் உட்கார்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் இன்னொரு முகம். ஒரு கன்னம் உப்பி, உதடு சிவந்து. அது ஹெக்டேவுடையது. அவர் விழுங்கக் கூடாததை விழுங்கினார்.

"போட்டோவா இது?" என்றார்.

"போட்டோ கண்ணைச் சிமிட்டுமா ஓய்? அவங்க கூப்பிட்டிருக்காங்க, நீர் என்டரைத் தட்டி எடுத்திருக்கீர். அந்தப் பச்சை விளக்கு கேமரா!"

ஷராவதியின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் அசைந்து ஹெக்டேவுக்குக் கேட்காமல் போனது இதுதான் முதல் தடவை. ஒரு கணம் அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அப்புறம் அவள் இரண்டு விரலால் எதையோ தூக்கிக் காட்டினாள். கொட்டைப்பாக்கு.

"சத்தம் இந்த மானிட்டருக்குள்ள போய்ட்டிருக்கு. இதுக்கு ஒலிபெருக்கி கிடையாது," என்று பட்டர் வயரை உருவினார். படம் அணைந்தது. உடைந்த கறுப்புத் திரைக்குள்ளிருந்து கணீரென்று குரல் வந்தது.

"...காலையிலேயே திறந்து பார்த்துட்டேன். திரையில விரிசல், நடுவுல இது உட்கார்ந்திருக்கு. யாரோடதுங்க?"

"பட்டரோடது," என்றார் ஹெக்டே.

பதினோரு பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"அப்போ... உன் வசனம்?"

"அது நேத்து ஒத்திகைக்கே என் போன்ல ஏத்தியாச்சு."

"பின்ன எதுக்குடி எடுத்து வைக்கச் சொன்னே?"

"பந்தியில நின்னு சொன்ன வாக்கு. பந்தியளவு சாட்சி வேணாமா? இன்னிக்கு ராத்திரி நாங்க பன்னிரண்டு பேரும் சாப்பிட அங்கதான் வர்றோம்."

ஹெக்டே திரும்பிப் பட்டரைப் பார்த்தார். களத்தில் குரங்கு வந்திருக்கும் என்று முணுமுணுத்தபடி, பட்டர் மானிட்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல்படி வரை போய்விட்டிருந்தார்.

"பட்டரண்ணா," என்றது கறுப்புத் திரை. "அதைத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. அடுக்களையில மாட்டிடுங்க. அரிசி எப்படிக் களையறதுன்னு இவருக்கு அதுல படம் போட்டுக் காட்டணும்."