பிறந்தபின் விண்ணப்பிக்கவும்

வேங்கிக்காலில் ஓர் அலுவலகம், முதியோர் அடையாள அட்டைகளை இனி கம்ப்யூட்டர் மூலமே வழங்குவதென்று 2003-இல் திருவுளம் கொண்டது. புரோகிராம் எழுதிய உஸ்மா, கண்காணிப்பாளர் கோதண்டராமனிடம் மலர்ந்த முகத்தோடு வந்தாள்.

"சார், அறுபது முடியாத யாருக்கும் அட்டை போகக் கூடாதுன்றதுதானே விதி? கம்ப்யூட்டரே நூறு பேரைக் கற்பனையா உண்டாக்கி விண்ணப்பம் போட்டுப் பார்த்துச்சு. ஒண்ணுகூடத் தப்பாகல."

"யாரும்மா அந்த நூறு பேரு? பட்டியல் எங்க?"

"அவங்க நிஜ ஆளுங்க இல்லீங்க சார்."

"அத நான் பார்த்துச் சொல்றேன்."

அச்சடித்துக் கொடுத்தாள். முதல் விண்ணப்பதாரர் பெயர் 'ழ்ங்கூ'. வயது, மைனஸ் நான்கு. கோதண்டராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"பொறக்கறதுக்கே இன்னும் நாலு வருஷம் இருக்குது. அதுக்குள்ள விண்ணப்பமா? அவசரம் ஜாஸ்திதான்."

சிவப்பு மையில் எழுதினார்: 'பிறந்தபின் விண்ணப்பிக்கவும்.' அடுத்தவருக்குப் பெயரே இல்லை, வயது பூஜ்ஜியம். 'தாயாரை உடன் அழைத்து வரவும்.'

பக்கத்தில் நின்று படித்துக்கொண்டிருந்த உஸ்மா அப்போதுதான் கவனித்தாள். நூறு பேரில் ஒருவருக்குக்கூட வயது பன்னிரண்டைத் தாண்டவில்லை. அறுபது தாண்டிய ஒருவரைக்கூடக் கம்ப்யூட்டர் சோதிக்கவே இல்லை. ஓடிப்போய் வயது எழுபது என்று தட்டினாள். 'வயது நிறைவடையவில்லை' என்றது திரை. தொண்ணூறுக்கும் அதே பதில்.

"சார், தப்பாயிடுச்சு! இது யாருக்குமே அட்டை கொடுக்காது."

"தகுதி இல்லாதவங்களுக்குக் கொடுக்குமா?"

"கொடுக்காதுங்க. ஆனா..."

"அப்ப விதிமீறலே இல்லியே!" என்று கையெழுத்திட்டார். திங்கட்கிழமை திறப்பு விழாவும் இனிதே நடந்தேறியது.

முதலில் வந்த சரோஜாவுக்கு எழுபத்தொன்று. 'தங்களுக்கு அறுபது வயது நிறைவடையவில்லை' என்று சீட்டு வந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தவள், இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, நேரே சம்பந்தி வீட்டுக்குப் போனாள். மறுநாள் அதே சீட்டு கேட்டு வரிசை சாலை வரை நீண்டது.

வாரம் முழுக்கச் சரியாகத் தூங்காத உஸ்மா, திருத்திய புரோகிராமை ஃபிளாப்பியில் கொண்டுவந்து போட்டாள். சரோஜாவை அவளே ஆட்டோவில் அழைத்துவந்து, அட்டையைக் கையில் கொடுத்தாள்.

"என்னாம்மா இது?"

"முதியோர் அட்டைங்கம்மா. உங்களுக்கு அறுபது தாண்டிடுச்சு."

"போன வாரம் இல்லன்னுச்சே! ஒரு வாரத்துலயா கெழவி ஆயிட்டேன்? நான் உனக்கு என்னா கெடுதல் பண்ணேன்?"

வரிசையே கொதித்தது. கோதண்டராமன் வருத்தத்துடன் வெளியே வந்தார்.

"பார்த்தியாம்மா? இதுவரைக்கும் ஒரு புகார் உண்டா?"

பழைய புரோகிராமையே மீண்டும் போடக் கோரி, அன்றே நாற்பத்திரண்டு பேர் மனு கொடுத்தார்கள். வயது என்ற இடத்தில் அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: 'கம்ப்யூட்டர்படி, ஐம்பத்தொன்பது.'